குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கலப்பதிலிருந்து நோயைத் தடுப்பது வரை

பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "இதை எப்படி நிறுத்துறது?" என்றுதான். அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: வெளியே போன தண்ணீரையும் உப்பையும் எப்படித் திரும்ப உள்ளே சேர்ப்பது? பேதியில் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிப்போவதால். கிருமியைப் பெரும்பாலும் உடம்பே சில நாளில் வெளியேற்றிவிடும். அதுவரை நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் முறை போனதுமே அந்த வேலையை வீட்டில் தொடங்கிவிடலாம். அதற்குத்தான் ஓ.ஆர்.எஸ்.: உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கும் கரைசல்.

எதனால் வருகிறது?

கைக்குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் ஒரு முக்கியக் காரணம். ஈ.கோலை, ஷிகெல்லா, காலரா என்று பாக்டீரியாக்களும் உண்டு. எல்லாம் வரும் வழி ஒன்றுதான்: ஒருவர் மலத்தில் இருக்கும் கிருமி கை, தண்ணீர், ஈ, பாத்திரம் என்று ஏதோ ஒன்றின் மூலம் இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேர்கிறது.

"பல் முளைக்குது, அதான் போகுது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பல் முளைப்பதால் பேதி வராது. அந்த வயதில் பிள்ளை தவழும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். அப்படித்தான் கிருமி உள்ளே போகிறது. பல்தானே என்று விட்டுவிட்டால் நீர்ச்சத்து இறங்குவது கண்ணில் படாமலே போய்விடும்.

படி 1: கரைசலைச் சரியாகக் கலப்பது

நிறையப் பேர் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மருந்துக் கடையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கியதும், அது எவ்வளவு தண்ணீருக்கு என்று முதலில் படியுங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் உப்பு பல மடங்கு கூடிவிடும், குழந்தைக்கு அது ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை எடுத்து டம்ளர் டம்ளராகக் கலப்பதும் வேண்டாம். உள்ளே நான்கு பொருள்கள் இருக்கின்றன, கண்ணளவில் எடுத்தால் விகிதம் மாறும். பாக்கெட் முழுவதையும், அதற்குரிய தண்ணீர் முழுவதிலும், ஒரே தடவையில் கலக்க வேண்டும்.

அளவுக்கு, கடையில் வாங்கிய 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். சோப்பு போட்டுக் கையைக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை அந்தப் பாட்டிலால் அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, பொடியைக் கொட்டி, கரையும்வரை கலக்கி மூடி வையுங்கள். கலந்தபின் சூடாக்கக் கூடாது. கூடுதல் சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

ராத்திரி நேரம், பாக்கெட் கிடைக்கவில்லையா? 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட்டில் இருக்கும் பொட்டாசியம் என்ற சத்து இதில் இல்லை, அதனால் பாக்கெட் கிடைக்கும்வரை மட்டும் கொடுங்கள்.

ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி இனிப்புப் பானங்களும் அட்டைப் பெட்டிகளில் விற்கப்பட்டன. அந்தப் பெயரைப் பானங்களில் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை அதிகமுள்ள பானம் பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

உப்பு சரி, சர்க்கரை எதற்கு? சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் சிறுகுடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் கூடவே போகும். காலரா தாக்கிய குடலில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே எடுத்துப் புகட்டச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவம் படிக்காத உறவினர்கள் கையால் நடந்த காரியம் அது. இதை எழுதும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

படி 2: புகட்டுவது

ஒவ்வொரு முறை போன பிறகும், 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயதுவரை 100 முதல் 200 மில்லி கொடுங்கள். அதற்கு மேற்பட்டவர்கள் வேண்டிய அளவு குடிக்கலாம். சின்னப் பிள்ளைக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள்.

படி 3: சாப்பாடும் துத்தநாகமும்

வயிற்றைக் காயப்போடக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கத்தைவிட அதிகத் தடவை கொடுங்கள். பெரிய பிள்ளைக்குக் குழைந்த சாதம், தயிர், இட்லி, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம்.

துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் என்றால் 10 மில்லிகிராம், மொத்தம் 14 நாள். போக்கு நின்ற பிறகும் கணக்கை முடிக்க வேண்டும். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாட்டிக்கை டாக்டர் சொன்னால் மட்டும்.

படி 4: எப்போது ஓட வேண்டும்?

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே பழையபடி படிய வேண்டும். மடிப்பு மெதுவாக இறங்கினால் நீர் வற்றியிருக்கிறது. கண் உள்ளே போயிருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கைக்குழந்தையின் உச்சிக்குழி அமுங்கியிருப்பது, பிள்ளை துவண்டு கிடப்பது, குடிக்க முடியாமலோ குடித்ததெல்லாம் வாந்தியாகவோ போவது, மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய தண்ணீர்போலப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. பிள்ளையால் குடிக்க முடிந்தால் வழியெல்லாம் கரைசலைப் புகட்டிக்கொண்டே போங்கள். 2 மாதத்துக்குள் உள்ள குழந்தையென்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

இனி வராமல் தடுக்க

மலம் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்னும், ஊட்டும் முன்னும் சோப்பு போட்டுக் கையைக் கழுவுவது பாதி வேலையை முடித்துவிடும். பிள்ளை மலம்தானே என்று சாக்கடை ஓரம் வீச வேண்டாம், கழிப்பறையில் கொட்டுங்கள். குடிதண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆகட்டும். குடத்துக்குள் கையோடு சொம்பை விட்டு மொள்ளாமல், நீளக் காம்புள்ள கரண்டியால் எடுங்கள். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கியோ நாற்றத்தோடோ வந்தால் அதைக் குடிக்காமல், உள்ளாட்சி அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். எங்காவது சாக்கடைத் தண்ணீர் குழாயில் கலந்திருக்கலாம், தெரு முழுக்கப் பேதி கிளம்புவது அப்படித்தான்.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அப்புறம், ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து. 6, 10, 14-வது வாரங்களில் வாய்வழியாக, அரசு மையங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள்.