பழைய எம்.எல்.ஏ. ஒருவரின் கதையைத் தேடி எழுதுவது எப்படி

உங்கள் ஊரில் ஒரு காலத்தில் எம்.எல்.ஏ.வாக இருந்தவரைப் பற்றி நாலு பக்கம் எழுத ஆசையா? எடுத்ததும் கட்சிக்காரர்களிடம் போய் நிற்காதீர்கள். சொந்தக் கட்சிக்காரர் ‘தங்கமான மனுஷன்’ என்பார், எதிர்க்கட்சிக்காரர் சிரிப்பார், இரண்டையும் வைத்து ஒரு வரிகூடத் தேறாது.

முதலில் வருடங்களைப் பிடியுங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை இருக்கிறது. தொகுதிவாரியாக யார் நின்றார், எத்தனை ஓட்டு வாங்கினார், எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் இருப்பதால் இனிஷியல் இடம் மாறும், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், அதனால் பெயரை விட்டுவிட்டுத் தொகுதியைத் தேடுங்கள். தோற்ற தேர்தல்களையும் குறித்துக்கொள்ளுங்கள், அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

தொகுதிப் பெயரும் ஏமாற்றும். 2001-லும் 2006-லும் மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறன் வென்ற ‘மதுரை கிழக்கு’, நகரத்துக்குள் இருந்த தொகுதி. 2008-ல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த மறுசீரமைப்புக்குப் பிறகு அதே பெயர் நகருக்கு வெளியே ஒத்தக்கடைப் பக்கம் போய்விட்டது, சமயநல்லூர் தொகுதியோ இல்லாமலே போனது. 1952, 1957 தேர்தல்களில் ஒரே தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் பெயர் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள், அப்போது இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அப்புறம், ஐந்தாண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 1977-ல் வென்றவர் 1980 பிப்ரவரியில் சட்டசபையைக் கலைத்ததும் முன்னாள் ஆகிவிட்டார்.

அடுத்தது பேரவை நடவடிக்கைக் குறிப்புகள். கேள்வி நேரத்தில் அவர் எந்த ஊருக்குப் பாலம் கேட்டார், எந்தப் பள்ளிக்குக் கட்டடம் கேட்டார் என்று பாருங்கள், மனிதர் எங்கெல்லாம் நடந்தார் என்று தெரிந்துவிடும். காலமாகியிருந்தால் பேரவையில் வாசித்த இரங்கல் குறிப்பையும் தேடுங்கள். 2003-க்குப் பிறகு போட்டியிட்டவர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் அவர் கையெழுத்தோடு இருக்கும்.

பிறகு வெயிலில் இறங்குங்கள். எங்கள் ஊர் ரேஷன் கடைத் திறப்புவிழாக் கல்வெட்டின் மேல் எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தார்களோ, வெறும் கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். முதலில் தேதி வந்தது, அப்புறம் ‘தலைமை’ என்ற சொல்லுக்குக் கீழே நான் தேடிய எம்.எல்.ஏ.வின் பெயர். சபையில் கடை கேட்ட நாளுக்கும் கல் வைத்த நாளுக்கும் இடைவெளி ஏழு வருடம்!

வீட்டாரிடம் கடைசியாகத்தான் போக வேண்டும். ‘ஐயாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் பொதுவாக ஏதாவது சொல்வார்கள். ‘80-ல் திடீரென்று பதவி போனதும் குடும்பம் எப்படி ஓடியது?’ என்று கேட்டுப் பாருங்கள், டிரங்குப் பெட்டியே வெளியே வரும். போட்டோக்களைப் படம் எடுக்கும்போது பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.