சண்டே ஸ்கூல்ல யூதப் பிள்ளைகளப் பத்தி கிளாஸ் எடுக்கணுமா, இப்படி எடுத்துப் பாருங்க

போன வருசம் எனக்க கிளாஸ்ல நாலாப்பு படிக்கிற பய ஒருத்தன் எழும்பி கேட்டான், "டீச்சர், யூதங்க எல்லாரும் பைபிளோட முடிஞ்சு போயாச்சா?" அப்போ சிரிச்சிட்டு விட்டுட்டேன், வீட்டுக்கு வந்து யோசிச்சா தப்பு எனக்க மேலதான், பத்து வருசமா ஈஸ்டர் நாடகத்துக்கு பஞ்சுத் தாடி ஒட்டி பரிசேயன் வேசம் கட்டி விட்டேனே தவிர, இவனுக்க வயசுல ஒரு யூதப் பய இப்பவும் எங்கயோ ஹோம்வொர்க் செய்யாம அம்மைகிட்ட ஏச்சு வாங்கிட்டு இருப்பான்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

எனக்க சித்தி மவ இஸ்ரேல்ல ஹோம் நர்ஸ். அவ பாத்துக்கிற பாட்டிக்க பேரப்பிள்ளைய வெள்ளிக்கிழமை வந்தா என்னெல்லாம் நடக்கும்னு போன்ல சொல்லுவா. அத வச்சும் கொஞ்சம் படிச்சும் ஒண்ணரை மணிநேர கிளாஸ் ஒண்ணு எடுத்தேன். மார்த்தாண்டம் பக்கத்து டீச்சர்மாரு ரெண்டு மூணு பேரு எப்படி எடுத்தீங்கன்னு கேட்டதால எழுதுறேன்.

முதல்ல ஒரு சங்கடமான காரியம். "யேசுவ கொன்னவங்க"ன்னு ஏதாவது ஒரு பிள்ள கட்டாயம் சொல்லும், வீட்டுல கேட்டதுதான். திட்டாதீங்க, ஆனா மழுப்பவும் கூடாது. யேசுவும் மரியாளும் பேதுருவும் யூதங்கதான், அன்னைக்கு நடந்ததுக்கு அப்போ இருந்த எல்லா யூதங்களையும் இப்போ இருக்கிறவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுன்னு கத்தோலிக்க சபையே 1965ல, உலக ஆயர்மாரு கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல எழுதி வச்சிருக்கு, அத நேரடியா சொல்லிடுங்க. அப்புறம் போர்டுல ஒரு கணக்கு, தமிழ்நாட்டு சனத்தொகை 2011 கணக்குப்படி 7 கோடிக்கும் மேல, உலகத்துல உள்ள யூதங்க மொத்தமே ஒண்ணரைக் கோடி சொச்சம்தான். அதுல பெரும்பாலும் இஸ்ரேல்லயும் அமெரிக்காவுலயும். நம்ம பக்கத்து கொச்சிலயும் இருந்தாங்க, மட்டாஞ்சேரில 1568ல கட்டுன ஜெப ஆலயம் இப்பவும் இருக்கு, ஆளுகதான் 1948க்கு அப்புறம் பெரும்பாலும் இஸ்ரேலுக்கு போயாச்சு. கொச்சின்னு சொன்னதும் பிள்ளைய நிமிந்து உக்காரும், ஏன்னா லுலு மால் போன பிள்ளைய இருக்குமே.

அடுத்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஓய்வுநாள் அங்க சனிக்கிழமை காலைல தொடங்காது, வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே தொடங்கிடும். விளக்கு ஏத்துறது சாதாரணமா சூரியன் மறையிறதுக்கு 18 நிமிசம் முன்னால. நாகர்கோவில்ல இந்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு மறையும்னு போன்ல பாத்து, 18ஐ கழிச்சு பிள்ளைகளையே நேரம் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. மேசையில ரெண்டு முழு ரொட்டி இருக்கும், வனாந்தரத்துல வெள்ளிக்கிழமை ரெண்டு பங்கு மன்னா, அதாவது வானத்துல இருந்து வந்த அப்பம், கிடைச்சதுக்கு ஞாபகமா, கத சொன்ன உடனே பிள்ளைகளுக்குப் புடிபடும். அப்பா இல்லன்னா அம்மா ஒவ்வொரு பிள்ள தலையிலயும் கை வச்சு ஆசீர்வதிப்பாங்க, ஆம்பிளப் பிள்ளைகளுக்கு யோசேப்புக்க மக்க எப்பிராயீம் மனாசே மாதிரி, பொம்பளப் பிள்ளைகளுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் மாதிரி இருக்கணும்னு. ஆதியாகமம் 48ஐ அந்த இடத்துல வாசிக்க விடுங்க. கண்டிப்பா கடைப்பிடிக்கிற வீட்டுல அடுத்த நாள் இருட்டுற வரைக்கும் போன் கிடையாது, டிவி கிடையாது, ஸ்விட்ச் போடுறது கூட கிடையாது. இத கேட்டு எனக்க கிளாஸே அரண்டு போச்சு. எல்லா யூத வீட்டுலயும் இப்படி இல்ல, சில வீட்டுல விளக்கோட சரி, சில வீட்டுல அதுவும் இல்ல, நம்மள்ல ஈஸ்டருக்கு மட்டும் கோயிலுக்கு வாற ஆளுக இல்லையா.

சாப்பாட்டுக்கு கூடுதல் நேரம் வைங்க, நம்ம ஊருல இதுதான் நல்லா ஏறும். லேவியராகமம் 11 படி செதிளும் சிறகும் உள்ள மீன்தான் தின்னலாம். மீன் பேரு எழுதின சீட்டு ஒரு இருபது போட்டு ரெண்டு கூட்டமா பிரிக்கச் சொல்லுங்க. சாளை ஓகே, சூரை ஓகே. நண்டு, றாலு, கணவா, குளச்சல் பக்கத்து சிப்பி எல்லாம் போச்சு. கெளுத்தியும் சுறாவும் கூடாது. வாளைக்கு சண்டையே வந்துது, "மீன் தானே டீச்சர்"னு ஒருத்தி, "அதுக்கு செதிள் எங்கட்டி இருக்கு, வெள்ளித்தாள் மாதிரி வழவழன்னு இருக்கும்"னு இன்னொருத்தி, அவளுக்க அப்பா கடலுக்குப் போறவரு, அவதான் ஜெயிச்சா. அப்புறம் பாலும் இறச்சியும் சேத்து தின்னக்கூடாது, பாத்திரம் கூட தனித்தனியா வச்சிருப்பாங்க. அப்போ பீஃப் பிரியாணிக்கு தயிர் பச்சடி? கிடையாது மக்களே. பன்னி கிடையாதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க.

இனி படிப்பு. எபிரேயத்துல 22 எழுத்து, வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கம் எழுதணும். சின்னப் பிள்ளைகளுக்கு உயிர் ஓசைக்கு கீழயும் மேலயும் புள்ளி கோடு போட்டுக் குடுப்பாங்க, ஆனா ஜெப ஆலயத்துல உள்ள தோரா சுருள்ல, அதாவது மோசேக்க அஞ்சு புஸ்தகமும் கையால எழுதின சுருள்ல, அதொண்ணும் இருக்காது. பழைய ஓலைச்சுவடியில புள்ளி போடாம எழுதுவாங்கல்ல, அந்த மாதிரி. போர்டுல "படம" அப்படின்னு மட்டும் எழுதி வாசிக்கச் சொல்லுங்க, படமா, பாடமா, பட்டமா, பீடமான்னு அடிச்சுக்கிடும். 13 வயசான பய, பெண்பிள்ளைகள்னா 12, சில இடத்துல 13, இனி கட்டளைகளுக்கு அவங்களே பொறுப்புன்னு ஆகும், அதுதான் பார் மிட்ஸ்வா, பாத் மிட்ஸ்வா. நிறைய பிள்ளைய அன்னைக்கு அந்த புள்ளியில்லாத சுருள ராகத்தோட சபை முன்னால வாசிக்கும், பொம்பளப் பிள்ள வாசிக்கிறது எல்லா சபையிலயும் கிடையாது. மாசக் கணக்குல ப்ராக்டிஸ் செய்யணும். சுருள கையால தொடமாட்டாங்க, விரல் மாதிரி முனை உள்ள ஒரு கோல் வச்சு காட்டி வாசிப்பாங்க, நம்ம கிளாஸுக்கு ஒரு ஈர்க்குல் போதும்.

எழுத்து தொடங்குற அன்னைக்கு எழுத்து மேல தேன் தடவி நக்க வைக்கிற பழக்கம் பழைய காலத்துல இருந்து உண்டு, சில இடத்துல இப்பவும் செய்யுறாங்க. நம்ம பக்கம் சரஸ்வதி பூஜை முடிஞ்சு விஜயதசமிக்கு பிள்ளைகள உக்கார வச்சு அரிசியில எழுத வைக்கிறத பாத்த பிள்ளைகளுக்கு இது அன்னியமா தெரியாது. மார்த்தாண்டத்து தேன் ஒரு சின்னக் குப்பி வாங்கி, பேப்பர் பிளேட்டுல எழுத்து வரைஞ்சு ஆளுக்கு ஒரு சொட்டு விடுங்க. போர்டுல மட்டும் விடாதீங்க, நான் விட்டேன், அடுத்த ஞாயித்துக்கிழமை எறும்பு.

எனக்கு ரொம்ப புடிச்ச காரியம் அவங்க படிக்கிற முறை. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து ஒரே வரிய சத்தமா வாசிச்சு, "நீ சொல்லுறது தப்பு"ன்னு எதிர்த்து எதிர்த்து பேசுவாங்க, அந்தப் படிப்பு அறை சந்தை மாதிரி இரைஞ்சு கிடக்கும். பஸ்கா ராத்திரியில சின்னப் பிள்ளதான் முதல்ல கேக்கணும், இந்த ராத்திரி மத்த ராத்திரிய விட ஏன் வேறன்னு, அதுக்கு பதிலாத்தான் எகிப்த விட்டு வந்த கதையே தொடங்கும். நாம கைய கட்டு, வாய மூடுன்னு சொல்லியே பழகிட்டோம். பத்து நிமிசம் ஜோடியா விட்டு, யோனா ஏன் ஓடினான்னு அடிச்சுப் பேச விடுங்க, அடுத்த அறை டீச்சர்கிட்ட முன்னாலயே சொல்லிடுங்க.

கடைசியில விளையாட்டு. அட்டைய சதுரமா வெட்டி நடுவுல தீக்குச்சி குத்தினா நாலு பக்கப் பம்பரம், ட்ரெய்டல்னு பேரு, ஹனுக்கா பண்டிகையில விளையாடுறது. பக்கத்துக்கு ஒண்ணா நூன், கிமெல், ஹே, ஷின்னு நாலு எபிரேய எழுத்து எழுதணும். நூன் விழுந்தா ஒண்ணுமில்ல, கிமெல் விழுந்தா எல்லாரும் நடுவுல வச்ச பணயம் முழுசும் உனக்கு, ஹே விழுந்தா பாதி, ஷின் விழுந்தா ஒண்ணு வைக்கணும். பணயத்துக்கு புளியங்கொட்டை போதும். நான் கொல்லாங்கொட்ட வச்சேன், ஒரு பய ஷின் விழ விழ வைக்காம தின்னுட்டான்.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க, அவங்களுக்க ஜெபத்தையோ பஸ்கா விருந்தையோ நாடகமா நடிக்க வைக்காதீங்க. நம்ம திருவிருந்த வேற ஆளுக விளையாட்டா நடிச்சா நமக்கு எப்படி இருக்கும். சொல்லுங்க, காட்டுங்க, ருசி பாக்க குடுங்க. சண்டை, யுத்தம்னு பெரிய பிள்ளைய கேட்டா, நாட்டு அரசாங்கம் செய்யுறதுக்கு எங்கயோ ஸ்கூலுக்குப் போற பிள்ள பொறுப்பு இல்ல, அது இஸ்ரேல் பிள்ளைக்கும் சரி காசா பிள்ளைக்கும் சரின்னு சொன்னேன், ரெண்டு பக்கத்து பிள்ளைகளுக்கும் சேத்து ஜெபிச்சிட்டு கிளாஸ முடிச்சோம்.