12345678-ஐ அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி?

ஒரு பெரிய முழு எண்ணுக்கு வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை என்ன என்று எதைக் கேட்டாலும் முதலில் வேண்டியது அதன் பகாக் காரணிகள். அவை கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் பெருக்கல்தான். 12345678-ஐ எடுத்துக்கொள்வோம். தாளும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

இரட்டை எண், 2-ஆல் வகுத்தால் 6172839. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 36, ஆகவே 9-ஆல் வகுபடும்: 685871. வகுத்தபின் மறுபடியும் கூட்டிப் பாருங்கள். 35 வருகிறது, இனி 3 கிடையாது. (இந்த மறுசோதனையை விட்டுவிட்டுத்தான் பலர் அடுக்கைத் தவறவிடுகிறார்கள்.) கடைசி இலக்கம் 1, எனவே 5-உம் இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் முடிக்கலாம். அவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதால், கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து முன்பகுதியைக் கழித்தால் போதும்: 871 − 685 = 186. இது மூன்றில் எதனாலும் வகுபடாது, 685871-உம் அப்படியே. ஆறு இலக்கத்துக்கு மேல் போனால் மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இனி குறுக்குவழி கிடையாது. 685871-இன் வர்க்கமூலம் 828 சொச்சம்; அதுவரை பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 17 முதல் 43 வரை எட்டுமே மீதி விடும். 47-இல் பிடிபடும்: ஈவு 14593.

இந்த இடத்தில் எல்லையை மாற்றுங்கள். 14593-க்கு வர்க்கமூலம் 120 சொச்சம்தான். 828 வரை போவது வீண் உழைப்பு. 47-க்குக் கீழே திரும்பவும் வேண்டாம், ஆனால் 47-ஐ இன்னொரு முறை பார்த்தாக வேண்டும். 47 முதல் 113 வரை 16 பகா எண்கள், எதுவும் வகுக்கவில்லை. ஆகவே 14593 பகா எண்.

12345678 = 2 × 3² × 47 × 14593

திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 3 × 2 × 2 = 24. கூட்டுத்தொகை 3 × 13 × 48 × 14594 = 27319968. 3²-க்கு 1 + 3 + 9 = 13 என்றுதான் வரும்; 4 × 4 என்று போட்டால் விடை கெட்டுவிடும். எண்ணையே கழித்தால் 14974290. எண்ணைவிடப் பெரிது, ஆகவே இது மிகை எண். இதைவிடச் சிறியதாக, இதனுடன் சார்பகாவாக (அதாவது 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாமல்) உள்ள எண்கள் 1 × 6 × 46 × 14592 = 4027392; ஒவ்வொரு பகா எண்ணிலும் 1 குறைகிறது, 3²-க்கு மட்டும் 9 − 3 = 6.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இதை எழுத முடியாது. நான்கால் வகுத்தால் 3 மீதி வரும் பகாக் காரணி ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் இருக்க வேண்டும். 3 தப்பிக்கிறது, 47 ஒற்றையாக நிற்கிறது.

எக்செல்லில் செய்பவர்களுக்கு ஒன்று: அது 15 இலக்கம் வரைதான் துல்லியம் காக்கும், அதற்குமேல் சத்தமில்லாமல் பூஜ்ஜியம் போட்டுவிடும். பைத்தானில் அந்தத் தொல்லை இல்லை, ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பதில் இரட்டைச் சாய்கோட்டால் வகுத்தால்.