ஜெர்மனிக்குப் படிக்கச் செல்பவர் எதை, யாரிடம் கேட்க வேண்டும்?

பொறியியல் முடித்துவிட்டு முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்படும் நம் மாணவர்களில் பலர், விசா கைக்கு வருமுன்பே நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே தகவலுக்குக் குறைவில்லை. ஆனால் எது இன்றைய விதி, எது மூன்று ஆண்டுக்கு முந்தைய விதி என்பது பல நேரம் தெரிவதில்லை. ஆகவே, கேட்பதற்கு முன் கேள்வியை இனம் பிரித்துக்கொள்ளுங்கள். சட்டம், பணம், கெடு மூன்றில் எதைப் பற்றிய கேள்வியானாலும் அதற்குரிய அலுவலகத்திடம் கேளுங்கள். எந்தப் பகுதியில் வாடகை குறைவு, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பவற்றை அங்கே படித்துக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்பே போட்டு, மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற கணக்கில்) காட்ட வேண்டிய ஓராண்டுத் தொகை 2023-இல் 11,208 யூரோவாக இருந்தது. 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்ந்தது. மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்றிருந்த வரம்பு 2024 மார்ச் முதல் 140 நாட்களாயிற்று. நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏபிஎஸ் சான்றிதழ் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமானது 2022 நவம்பரில்தான். அதற்கு முன் சென்ற ஒரு சீனியர், "அதெல்லாம் தேவையில்லை, தம்பி" என்று சொன்னால், அவர் உங்களை ஏமாற்றவில்லை. தம் காலத்து விதியைச் சொல்கிறார். தொகையோ தேதியோ யார் சொன்னாலும், தூதரகத்தின் இணையதளத்திலும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் அன்றைய நிலையைப் பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள். படிப்புகளைத் தேட, 1925-இல் தொடங்கப்பட்ட, ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் தரவுத்தளமே போதும். ஆங்கிலவழிப் படிப்புகளும் அவற்றுக்கான கட்டணமும் மொழித்தகுதியும் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது, தலைப்பிலேயே உங்கள் மாணவர் எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு மடலில் ஒரே கேள்வியைக் கேளுங்கள். குடும்பப் பின்னணியிலிருந்து தொடங்கும் நீண்ட மடலுக்குப் பதில் தாமதமாகத்தான் வரும். பதில் எழுத்தில் இருப்பது பின்னாளில் உங்களுக்குப் பாதுகாப்பு என்பதால், தொலைபேசியில் விவரம் கிடைத்தாலும் அதை மடலில் உறுதிசெய்யும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகமும் எடுத்துச் சொல்லாத ஒன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அஞ்சல் ஊழியர் தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப்பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுவார். நான் பெயர் ஒட்டாமல் மூன்று வாரம் இருந்தேன். வங்கி அட்டையின் ரகசிய எண்ணும் வரி எண்ணும் வந்த வழியே திரும்பிப் போயின. பக்கத்து அறையில் இருந்த ஓர் அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி, செல்லோடேப் வைத்து ஒட்டிய மறுநாளிலிருந்து கடிதங்கள் வந்தன. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே பெயரை ஒட்டுங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்திருக்கும் நமக்கு இதில் குழப்பம் எளிதாக நேர்கிறது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிச்சான்று தேவை. அந்தச் சான்றைத் தர மறுப்பவரின் அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்" என்பது பழைய மோசடி. புதிதாக வரும் மாணவர்களே அதில் அதிகம் சிக்குகிறார்கள். முன்பணம், மின்சாரம் வெப்பம் முதலிய செலவு சேராத வாடகையில் மூன்று மாதத் தொகையைத் தாண்டக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஒப்பந்தத்தில் ஐயம் இருந்தால், மாணவர் பேரவையான அஸ்டாவை அணுகுங்கள். பல பல்கலைக்கழகங்களில் அது சட்ட ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. விடுதி அறைக்கு, மாணவர் விடுதிகளையும் உணவகங்களையும் நடத்தும் ஸ்டூடியரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பில் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளமானது என்பதால் விண்ணப்பம் எப்போது திறக்கிறதோ அன்றே போட்டுவிடுங்கள்.

உறவு வட்டத்தைப் பொறுத்தவரை, நம் மாணவர்கள் மிகவும் குறைவாகப் பயன்படுத்துவது ஃபாக்‌ஷாஃப்ட் என்னும் துறை மாணவர் குழுவைத்தான். பழைய தேர்வுத்தாள்கள் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். வகுப்பில் சேர்ந்திருந்தாலும் தேர்வுக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்பதையும், பல இடங்களில் ஒரு தேர்வை மூன்று முறைக்கு மேல் எழுத முடியாது என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்பவர்களும் அவர்கள்தான். அறிமுக வாரத்தில் அவர்கள் நடத்தும் நகர் உலாவுக்குக் கட்டாயம் போங்கள். ஜெர்மன் மொழி தடுமாறினாலும் பரவாயில்லை.

தமிழரைத் தேடுவதில் தவறேதும் இல்லை. ஹாம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு ஒருமுறை போனால், முப்பது நாற்பது ஆண்டுகளாக அந்நாட்டில் வாழும் குடும்பங்களைச் சந்திக்கலாம். நமக்கு முன்னே வந்து, நம்மைவிடக் கடினமான நிலையில் வேரூன்றியவர்கள் அவர்கள். ஆனால் சமையலும் பேச்சும் வேலையும் ஒரே தமிழ் வட்டத்துக்குள் முடிந்துவிட்டால் மொழி வளராது. மொழி வளராவிட்டால் படிப்புக்குப் பின் வேலை தேடுவது கடினம். பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பு ஒன்றில் சேர்வது இதற்கு மலிவான வழி.

நவம்பரில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். உறக்கம் கெட்டு, வகுப்புக்குப் போக மனமில்லாமல், வீட்டுக்குப் பேசும்போது மட்டும் சிரிக்கும் நிலை வந்தால், ஸ்டூடியரெண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கட்டணம் இல்லை, நீங்கள் பேசுவது பேராசிரியருக்கோ வெளிநாட்டவர் அலுவலகத்துக்கோ போகாது, பல நகரங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். முறை கிடைக்கச் சில வாரம் ஆகக்கூடும் என்பதால், தாங்க முடியாத நிலை வரும்வரை காத்திராமல் முன்பே பதிந்துகொள்ளுங்கள். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் 112 எண்ணை உடனே அழையுங்கள்.