தாத்தாவின் நாடக நோட்டீஸ்களை இணையத்தில் ஏற்றிய விதம்

தாத்தா தகரப்பெட்டியில் சேர்த்துவைத்த நாடக நோட்டீஸ்கள் மொத்தம் 84. அவற்றை இணையத்தில் வைக்க ‘கலெக்‌ஷன்பில்டர்’ கருவியைத் தேர்ந்தெடுத்தேன். ஐடஹோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவான, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள் அது. தரவுத்தளம் வேண்டாம், சர்வர் வாடகையும் இல்லை. கோப்புகளை வைத்து இணையதளமாக வெளியிட உதவும் கிட்ஹப் சேவையில் கணக்கு ஒன்று போதும்.

முதலில் கலெக்‌ஷன்பில்டரின் வார்ப்புருவை, அதாவது தயாராக உள்ள மாதிரித் தளத்தை, உங்கள் கணக்கில் நகலெடுங்கள். ஸ்கேன் செய்த படங்களுக்குச் சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல் பெயரிட்டு ஏற்றுங்கள். உண்மையான உழைப்பு, நோட்டீஸ் விவரங்களைப் பதியும் அட்டவணையில்தான் இருக்கிறது. ஒரு நோட்டீஸுக்கு ஒரு வரிசை. தனி அடையாள எண்ணும் தலைப்பும் கட்டாயம். ஊருக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் வரைபடம் தானே உருவாகும். அட்டவணையை, எல்லா மொழி எழுத்துகளையும் காக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டு முறையில், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பாகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடும்.

தேதியில் மிகுந்த கவனம் தேவை. நோட்டீஸில் ‘விரோதி வருஷம் மாசி மாதம்’ என்றிருந்ததை நான் 1949 என்று பதிந்துவிட்டேன். விரோதி வருஷம் 1949 சித்திரையில் பிறந்தது. அதன் மாசியோ 1950 பிப்ரவரியில்தான் வந்தது. காலவரிசைப் பக்கத்தில் அந்த நாடகம் ஓராண்டு முன்னதாக நின்றதைப் பார்த்து மனம் பதறி, மற்ற வரிசைகளையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டேன். நோட்டீஸில் உள்ள தமிழ்த் தேதியையும் அப்படியே தனி நெடுவரிசையில் எழுதிவையுங்கள்.