1.4 என்ற எண்ணை எங்கும் போடாதீர்கள்: சூரியக் காந்தப்புல ஒப்பீட்டில் நேரும் தவறுகள்

சூரியனின் காந்தப்புலத்தை அளந்த எம்டிஐ கருவியின் எண்ணை 1.4 ஆல் வகுத்தால், அதற்குப் பின் வந்த எச்எம்ஐ கருவியின் எண் வந்துவிடும் என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். சோகோ விண்கலத்தின் எம்டிஐயும் எஸ்டிஓ விண்கலத்தின் எச்எம்ஐயும் 2010–11இல் ஒரே சமயத்தில் சூரியனைப் பார்த்தபோது கிடைத்த விகிதம் அது. எண்ணில் பிழையில்லை. ஆனால் அந்த இரண்டு கருவிக்கும், நம் பார்வைக்கோட்டுத் திசையில் உள்ள புலத்துக்கும் மட்டும் உரியது. அதைத் தூக்கி வேறு கருவிக்குப் போடும்போதுதான் சிக்கல்.

ஏனென்றால் எந்தக் கருவியும் புலத்தை நேராக அளப்பதில்லை. காந்தப்புலம் நிறமாலைக் கோட்டைப் பிளப்பதற்குச் சீமான் விளைவு (Zeeman effect) என்று பெயர்; கோட்டில் அது விட்ட தடத்தை அளந்து, காந்தப்புல அலகான காஸாக மாற்றுகிறது. எம்டிஐ பார்த்தது 676.8 நானோமீட்டர் நிக்கல் கோடு, எச்எம்ஐ பார்ப்பது 617.3 நானோமீட்டர் இரும்புக் கோடு. கோடு மாறினால் சூரிய வளிமண்டலத்தில் அது உருவாகும் உயரமும் மாறும், வலுவான புலத்துக்கு அது காட்டும் அளவும் மாறும். அதனால் புலம் வலுவாக உள்ள கருமையான சூரியப்புள்ளிக்குள் ஒரு விகிதம் வரும், அமைதியான பகுதியில் வேறொன்று வரலாம்.

அதிகம் சறுக்குவது பிக்சலில்தான். ஒரு பிக்சலின் பரப்பில் 2 சதவீதத்தில் மட்டும் 1500 காஸ் புலம், மற்ற இடம் வெறுமை என்றால், கருவி காட்டுவது சுமார் 30 காஸ். எம்டிஐயின் ஒரு பிக்சலுக்குள் எச்எம்ஐயின் 16 பிக்சல் அடங்கும்; அதில் பாதி +200 காஸ், பாதி எதிர்த்திசையில் −200 காஸ் என்றால் எம்டிஐக்குத் தெரிவது பூஜ்யம். ஆகவே நுண்ணிய படத்தை மற்றதன் அளவுக்கு மங்கலாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். வெறுமனே 16 பிக்சலைச் சராசரி எடுத்தால் போதாது, ஒரு புள்ளியின் ஒளியைக் கருவி பக்கத்துப் பிக்சல்களுக்கும் பரப்பிவிடும் ஒளிப்பரவலையும் சேர்க்க வேண்டும். கூட்டல், கழித்தல் குறியை நீக்கிவிட்டு மங்கலாக்கினால் எல்லாமே கெட்டது.

அப்புறம் நேரம். சூரிய வட்டின் நடுவில் ஒரு புள்ளி மணிக்கு சுமார் 10 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. 6 நிமிட இடைவெளி என்றாலே எச்எம்ஐயில் 2 பிக்சல் தள்ளிப் போயிருக்கும். சோகோ பூமியைவிட 15 லட்சம் கிலோமீட்டர் சூரியனுக்கு அருகில் இருப்பதால், அதன் படத்தில் வட்டு 1 சதவீதம் பெரிது. இதைச் சரிசெய்யாமல் அடுக்கினால் விளிம்புப் பக்கம் எதுவும் பொருந்தாது.

விளிம்பில் இன்னொன்று: புலம் சூரியப் பரப்புக்குச் செங்குத்தானது என்று கொண்டு, வட்டின் நடுவிலிருந்து உள்ள கோணத்தின் கொசைனால் வகுக்கும்போது, 60 பாகையில் புலம் மட்டுமல்ல, இரைச்சலும் இரட்டிப்பாகும்.

சரி, ஒரு கருவியின் எண்ணை ஓர் அச்சிலும் மற்றதன் எண்ணை மறு அச்சிலும் வைத்த சிதறல் படத்தில் கோடு போட்டாயிற்று; அதன் சாய்வுதான் விகிதம். உடனே சாய்வை நம்பாமல் அச்சுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். 1.4 வந்த இடத்தில் இப்போது 0.71 வர வேண்டும். 0.6 வந்தால், இரைச்சலோ பொருந்தாமையோ சாய்வைக் குறைத்துவிட்டது. இரண்டு கருவியிலும் பிழை உண்டு என்று எடுத்துக்கொள்ளும் முறைதான் இங்கே சரி.

புலமே இல்லாத இடத்தில் கருவி காட்டும் எண்ணான பூஜ்யப் புள்ளியையும் விட்டுவிடாதீர்கள். சூரியப்புள்ளியில் 0.5 காஸ் விலகல் ஒன்றுமே இல்லை. ஆனால் முழு வட்டின் சராசரிப் புலமே பெரும்பாலும் ஓரிரு காஸுக்குள்தான் இருக்கிறது.