கல்யாணத்துக்கு வந்தோமா, கரையோரம் தங்கினோமா: இராமநாதபுரம் பக்கம் வருவோருக்கு

இராமேஸ்வரத்திலோ மண்டபம் பக்கத்திலோ கடற்கரை ரிசார்ட்டில் கல்யாணம் என்று பத்திரிகை வந்ததும் வெளிநாட்டில் இருப்பவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு ரெண்டு நாள், அப்புறம் ஒரு வேனைப் பிடித்துக் கொடைக்கானல், ஊட்டி, கடைசியில் சென்னையில் ஜவுளி. அது வேண்டாம் என்பேன். அவ்வளவு செலவு செய்து வந்து இறங்கிய கரையை விட்டுவிட்டு, பாதி விடுமுறையை ரோட்டில் கழிப்பானேன்? இந்தக் கரையிலேயே ஒரு வாரம் இருங்கள். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி.

சுற்றுவதைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வைத்தால் நடக்காது. பந்தக்கால், நலங்கு, மருதாணி, "இன்னும் எங்க வீட்டுக்கு வரலையே" என்கிற அத்தை, சித்தப்பா என்று நாள் போய்விடும். தூக்கம் சரியாவதற்கு ரெண்டு நாள் முன்னதாக வந்தால் போதும். இன்னொன்று, கல்யாண வீட்டார் போட்டுக் கொடுக்கும் ரூம் கல்யாணத்தோடு முடிகிறது. மறுநாளிலிருந்து ரூம், வண்டி எல்லாம் நம் பொறுப்பு என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சமையல்காரர் கணக்கு, பந்தல் கணக்கு, மறுவீட்டு விருந்து என்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். அந்த நேரத்தில் "கார் கிடைக்குமா மாமா" என்று கேட்பது பாவம். அவர்களும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

தை முதல் பங்குனி வரை இங்கே நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல் பயம் உண்டு. ஆனி, ஆடியில் காற்று பலமாக வீசும், மணல் முகத்தில் அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் ஏறும். ஆனால் வெயிலோடு நுங்கும் பதநீரும் வருவது அப்போதுதான். பனை இந்த மாவட்டத்தின் சொத்து. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை, வெயில் ஏறுமுன் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். ரெண்டு கையாலும் பட்டையைப் பிடித்து, ஓலை வாசத்தோடு குடிக்க வேண்டும். பாட்டிலில் அடைத்து விற்பதை வாங்காதீர்கள், அது சீக்கிரம் புளித்துவிடும்.

விமானம் மதுரை வரைதான். அங்கிருந்து இராமநாதபுரத்துக்குக் காரில் ரெண்டு, ரெண்டரை மணி நேரம். சென்னையில் இறங்குகிறவர்களுக்கு இரவு ரயில் வசதி. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்த பிறகு ரயில் மறுபடியும் இராமேஸ்வரம் வரை போகிறது. முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும், முகூர்த்த நாட்களில் உடனே தீர்ந்துவிடும்.

முதல் ரெண்டு, மூன்று இரவு இராமேஸ்வரம், மீதி இராமநாதபுரம் நகரம். இப்படிப் பிரித்துக்கொண்டால் எந்த இடமும் எட்டாத தூரமில்லை.

இராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆடுவதாக இருந்தால் அதிகாலையில் போங்கள். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். தரை எல்லாம் ஈரம், முதியவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். ஜீன்ஸ் போடாதீர்கள், நனைந்தால் கனக்கும். ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத் துணி கையில் இருக்கட்டும். போனையும் உள்ளே கொண்டுபோக முடியாது. தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடிவிடாமல் மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்று மெதுவாக நடந்து பாருங்கள்.

தனுஷ்கோடிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. போகும்போது இடப்பக்கம் அலையடங்கிய பாக் நீரிணை, மீனவர்கள் அதைப் பெண் கடல் என்பார்கள். வலப்பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். முனையில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். சில போன்கள் அங்கே இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

அங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் குடிநீர் எடுப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைப் பறித்து, ஊறி வரும் நல்ல தண்ணீரை அள்ளிக் குடத்தில் நிரப்புவார்கள். ரெண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் இனிப்பான ஊற்று. ஊற்றில் கால் வைக்கவிடாதீர்கள், அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஓலைக் கொட்டகைகளில் மீனைக் காட்டிப் பொரித்துத் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள், அந்தக் காசு அவர்களுக்குப் போய்ச் சேரும்.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் முனையில் நின்று அக்கரைக்கு ஏங்குவது இயல்பு. தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து கப்பல் கிடையாது. நாகப்பட்டினம் போய்த்தான் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏற வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் ஓடாது.

இராமநாதபுரத்தில் தங்கும் நாட்களில் இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் அரண்மனையில் சுவரோவியங்களைப் பாருங்கள். திருப்புல்லாணி பெருமாள் கோயில், தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயில், ஏர்வாடி தர்கா, கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் 1693-இல் உயிர்நீத்த ஓரியூர் எல்லாம் காலையில் போய் மதியம் திரும்பும் தூரம். கீழக்கரைக்கு மட்டும் அவசரமாகப் போகாதீர்கள். அங்கே பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களில் நம் கோயில் சிற்பிகளின் கைவேலை தெரியும். உருவங்கள் இல்லை, பூவும் கொடியும் மட்டுமே. தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுப் போங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, இஷ்டத்துக்குப் படகு பிடித்து இறங்க முடியாது.

சுற்றுவதைப் பின்னால் வையுங்கள் என்றதற்கு ஒரே விதிவிலக்கு உத்தரகோசமங்கை. அங்கே மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பு களைவார்கள். தை மாதக் கல்யாணமென்றால் அதைக் கணக்கிட்டு முன்னதாகவே டிக்கெட் போடலாம். கூட்டம் நெரியும், ஆனாலும் வாருங்கள்.

காகித வேலை: 30 நாள் இ-விசா முதலில் வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணப்படும், நீண்ட விடுமுறைக்கு ஓராண்டு விசா எடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் தங்குவோரைப் பற்றி லாட்ஜ்காரர் அரசிடம் பதிய வேண்டும். சின்ன லாட்ஜ் என்றால் முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணப் படம் எடுக்க ட்ரோன் கொண்டுவராதீர்கள், 2022 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. போடப்போகும் நகைகளுக்குப் பில்லும் போட்டோவும் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எல்லாம் வனவுயிர்ச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை, விமான நிலையத்தில் மாட்டினால் வழக்கு. அதற்குப் பதில் இராமநாதபுரம் குண்டு மிளகாய் வாங்குங்கள், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கருப்பட்டியும் கீழக்கரையின் தொதல் என்கிற இனிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொதலைக் கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கி, எண்ணெய் கசியாமல் ரெண்டு உறையில் கட்டுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் வருகைப் படிவத்தில் இவற்றை உணவுப்பொருள் என்று மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.